திருநெல்வேலி வரை ஒரு பத்தியம்

எடை குறைக்கக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு எழும்பூரிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் பாதையைப் போலச் சோதனை வேறில்லை. திருச்சி தாண்டினால் மணப்பாறை முறுக்கு, பிறகு திண்டுக்கல் பிரியாணி, மதுரையில் ஜிகர்தண்டா, விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், இறங்குகிற இடத்தில் அல்வா. இவற்றில் முறுக்குக்கும் கடலைமிட்டாய்க்கும் புவிசார் குறியீடே உண்டு. ஊருக்குப் போய்வந்தவருக்கு எடை கூடினால் பழி இந்தப் பண்டங்கள் மேல்தான் விழுகிறது. அது பெரும்பாலும் வீண் பழி என்பது என் கட்சி. பத்தியத்தைக் கெடுப்பவை பெயர் பெற்ற பண்டங்களல்ல. எந்த ஊர் என்றே சொல்ல முடியாதபடி எங்கும் ஒரே மாதிரி கிடைக்கிற வழித் தீனிகள்.

பகல் முழுக்க நீளும் பயணத்தில் உள்ளே போவதை எண்ணிப் பாருங்கள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபியில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. பொழுது போகாமல் நான்கு முறை குடித்தால் 40 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே 50 கிராம்தான். 25க்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. அடுத்தது எண்ணெய். ஒரு கிராமுக்கு 9 கலோரி. காலைப் பூரி, நடுவில் வந்த வடை, குருமாவில் மிதந்தது என்று வழக்கத்தைவிட 30 கிராம் கூடினால் 270 கலோரி. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் கரைவது அவ்வளவுதான். நாமோ இருக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. இதற்கு எதிரே 30 கிராம் கடலைமிட்டாயை வையுங்கள்: சுமார் 150 கலோரி, அதிலும் பாதிக்கு மேல் நிலக்கடலை. இவ்விரண்டில் எதைத் தள்ளுவது என்பதில் குழப்பமே வேண்டாம். பிஸ்கட்டும் சிப்ஸும் சென்னையிலும் கிடைக்கும். அவற்றை விட்டால் பயணத்தில் ஒன்றும் குறையாது.

ஊர்ப் பண்டத்தைச் சாப்பிடலாம், ஆனால் வேளை உணவுக்கு மேல் அல்ல, அதற்குப் பதிலாக. விருதுநகர்ப் பரோட்டா எண்ணெயில் பொரித்த மைதா. லேசான சங்கதி இல்லை. இரண்டு பரோட்டா, அளவாகச் சால்னா, அதோடு இரவுச் சாப்பாடு முடிந்தது. ஜிகர்தண்டாதான் கொஞ்சம் ஏமாற்றுக்காரன். பாலும் சர்பத்தும் ஐஸ்கிரீமுமாக ஒரு டிபனுக்கு ஈடாக உள்ளே போய்விடும். குடிப்பது என்பதால் வயிறு அதைக் கணக்கில் சேர்க்காது. சாயங்கால டிபனை விட்டுவிட்டு அதைக் குடிப்பதே நியாயம். அல்வாவில் இந்தத் தொல்லை இல்லை. நூறு கிராம் வாங்கி மூன்று பேர் பகிர்ந்தால் ஆசையும் தீரும்.

'இரண்டு நாள்தானே, அதற்கு இத்தனை கணக்கா?' என்பார்கள். பாதி சரி. ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7700 கலோரி கூடுதலாக வேண்டும். திரும்பி வந்த காலையில் எடைக்கருவி கூடுதலாகக் காட்டும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த நீர். ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க் கோயில் கொடைக்குப் போகிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கும் லாரி ஓட்டுநருக்கும் பயணம்தான் அன்றாடம். வாரந்தோறும் வரும் இரண்டு நாளை விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. 'கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?' என்பது அடுத்த வாதம். அதற்கு ஓட்டல்காரர்களே விடை வைத்திருக்கிறார்கள்: அளவுச் சாப்பாடு. விலையும் குறைவு, சோறும் குறைவு. உறவினர் வீட்டில்தான் நெருக்கடி. போதும் என்று இலையை மூடினால் அத்தைக்கு முகம் வாடும். சோற்றைக் குறைத்துக்கொண்டு, 'அவியல் இன்னும் கொஞ்சம் வைங்க அத்தை' என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டால், எத்தனை கரண்டி சோறு போனது என்று யாரும் எண்ணுவதில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் மட்டும் எடைக்காக வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. ரயில் தாமதமானால் தாழ்சர்க்கரை வந்துவிடும்.

பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. நெடுஞ்சாலையோரத் தனிக் கடைக்கு அது பொருந்தாது. அங்கே சர்க்கரை கம்மியா, ரோஸ்ட்டுக்கு எண்ணெய் கம்மியா என்று வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. கேட்டால் செய்து தருவார்கள். ரயிலில் இன்னும் சுலபம். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத்தில் டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டாம் என்று குறிக்கலாம்; கட்டணமும் குறையும். நாலு இட்லியை மிளகாய்ப்பொடி தடவி வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு ஏறுங்கள்.