சிறு கை எட்டும் தட்டு

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், பேரருவியிலோ ஐந்தருவியிலோ நெடுநேரம் நனைந்து உடல் சில்லிட்டுக் கரையேறும் குழந்தை, வீட்டில் ஒரு கவளத்துக்கு ஒரு கதை என்று கெஞ்சி ஊட்டப்படும் அதே குழந்தை, பொட்டலம் பிரிக்கும் முன்பே புளியோதரைக்குக் கை நீட்டுவதைத் தென்காசிப் பக்கத்தார் இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். அருவி நீர் பசியைக் கிளப்பிவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அது உண்மையே ஆயினும் பாதி விளக்கமே. அருவிக்கரையில் பெரியவர்களுக்கும் பசிக்கிறது. அவர்கள் குழந்தையின் வாயை விட்டுத் தங்கள் இலையைக் கவனிக்கின்றனர். அதனால் அந்தச் சிறு கை தன் போக்கில் விடப்படுகிறது.

அந்தக் கையைத் தமிழில் மிகக் கூர்ந்து பார்த்தவர் பாண்டியன் அறிவுடை நம்பி. புறநானூற்றின் 188-ஆம் பாடலாகிய அவரது செய்யுள், பல செல்வங்களைப் படைத்துப் பலரோடு உண்ணும் பெருஞ்செல்வராயினும் பிள்ளைகள் இல்லாதவர் வாழ்நாளில் பெறும் பயன் ஏதுமில்லை என்கிறது. பிள்ளையில்லாதோரை வருத்தும் அம்முடிவை இன்று ஏற்க வேண்டியதில்லை. பாடலின் உயிர் அதன் நடுவில் இருக்கிறது. குறுநடையிட்டு வரும் குழந்தை கலத்தை நோக்கிக் கை நீட்டுகிறது, எடுத்ததைக் கீழே போடுகிறது, தொட்டுப் பார்க்கிறது, வாயால் கவ்வுகிறது, கையை விட்டுத் துழாவுகிறது, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் சிதறிக்கொள்கிறது. இத்தனை செயல்கள் நிகழும் அக்காட்சியில் ஊட்டுகிறவர் என்று ஒருவரும் இல்லை. பெரியவர்கள் உண்ணும் இடத்தைத் தேடிக் குழந்தையே வருகிறது. சிதறிய சோற்றுக்காக யாரும் அதைக் கடிந்துகொள்வதுமில்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும், பிள்ளையின் கை பட்டுக் கலங்கிய கூழையே போற்றுகிறது.

குழந்தை காட்டும் பசிக் குறிப்பையும் நிறைவுக் குறிப்பையும் கண்டறிந்து, அதற்கேற்பத் தருவதும் நிறுத்துவதுமான முறையை இன்றைய குழந்தை மருத்துவம் 'குறிப்பறிந்து உணவளித்தல்' என்ற பொருளில் வலியுறுத்துகிறது. கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் நடத்தி, 1928-இல் முதல் அறிக்கை வெளியிட்ட ஆய்வில், பால்குடி மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகள் தட்டில் வைக்கப்பட்டன. செவிலியர் எதையும் தாமாக எடுத்து நீட்டக் கூடாது, குழந்தை கை நீட்டிய பின்னரே ஊட்டலாம் என்பது விதி. சில வேளைகளில் அக்குழந்தைகள் ஒரே பண்டத்தை விசித்திரமாக விரும்பித் தின்றாலும், நாளடைவில் நலமாகவே வளர்ந்தன. ஆனால் தட்டில் எவை இருக்க வேண்டும் என்பதை டேவிஸே முடிவு செய்திருந்தார். சர்க்கரை சேர்த்த பண்டம் எதுவும் அதில் இல்லை. அருவிக்கரைக் கடைத்தெருவுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். மிளகாய் பஜ்ஜிக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் நடுவே ரம்புட்டானும் மங்குஸ்தானும் அங்கே குவிந்திருக்கின்றன. எதன் அருகில் குழந்தையை நிறுத்துவது என்பது பெற்றோர் கையில்தான் உள்ளது.

சுவைப் பழக்கம் கை நீட்டும் வயதுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பூண்டை வதக்கியும் குழம்பிலிட்டும் கொடுப்பது ஆச்சிமார் விடாத வழக்கம். 1991-இல் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு உட்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் மணம் மிகுந்ததும், குழந்தைகள் அப்பாலை விலக்காமல் கூடுதல் நேரம் மார்பைப் பற்றியிருந்ததும் தெரியவந்தன. நெல்லைச் சீமையின் தேங்காய்ப்பால் சொதியில் பூண்டுப் பல்லைத் தேடித் தின்னும் பிள்ளைக்கு, அந்த மணம் அப்போதே அறிமுகமாகியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் தாயின் பொறுப்பாக மட்டும் எழுதுவது அநீதி. தென்காசி வட்டாரத்தில் பீடித் தட்டை மடியில் வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் கூலிக்கு உழைக்கும் பெண்கள் ஏராளம். புகையிலைத் தூள் படிந்த கையைக் கழுவி ஊட்ட அமரும் நேரமெல்லாம் கூலியில் குறைவதால், கைப்பேசியில் படத்தைக் காட்டி நாலு வாய் விரைவாகத் திணிக்க வேண்டியதாகிறது. திணிப்பதால் பயன் விளைவதில்லை என்பது வேறு. சூப்பைக் குடித்து முடி என்று வற்புறுத்தப்பட்ட வேளைகளில் குழந்தைகள் குறைவாகவே குடித்தனர் என்று 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. புறநானூற்றுப் பாடலைப் பாடியவர் ஓர் ஆண், அதுவும் அரசர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பிள்ளையோடு உண்ண அமர்வது தந்தைக்கும் உரிய வேலையே. ஆனால் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன தந்தையர் கடையநல்லூர்ப் பக்கத்தில் பலர்.

பலரோடு உண்ணும் அந்தப் பழைய சூழல் இன்று ஒழுங்காகக் கிடைக்கும் இடம் பள்ளிக்கூடம். 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் பசி தீர்க்கும் திட்டங்களாகவே பேசப்படுகின்றன. வரிசையாக அமர்ந்து உண்பதால் விளையும் நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதை விரும்பும் குழந்தைகளோடு சில நாள் உண்ண வைத்தால், அதுவும் அக்காயையே தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறது என்று லீன் பர்ச் 1980-இல் கண்டறிந்தார். வீட்டில் ஒதுக்கிய சாம்பார்க் காயைப் பள்ளியில் பிள்ளை தின்று வருவதற்கு, சமையல்காரரின் கைப்பக்குவத்தோடு பக்கத்துத் தட்டும் காரணம்.