48இலிருந்து 10ஐக் கழித்தால்



கொஞ்சம் நீண்ட பதிவு. எழுதுவதா விடுவதா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் முகநூலில் போடுற விசயமா?" என்று வீட்டிலும் கேட்டார்கள். போடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

போன மாதம் நான் கொலொனோஸ்கோபி செய்துகொண்டேன். மலவாசல் வழியாகச் சின்னக் கமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டு, பெருங்குடல் முழுவதையும் பார்க்கிற பரிசோதனை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயிற்று வலி இல்லை, இரத்தம் போகவில்லை. ஆனாலும் செய்தேன்.

காரணம் வாப்பா.

வாப்பா புடவை வியாபாரி. சைக்கிளின் பின்னால் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு மண்முனைத்துறைப் பாதையில் ஏறி, படுவான்கரைக் கிராமங்களுக்குப் போவார். இப்போது இருக்கிற பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முதல் வாவியைக் கடக்கப் பாதைதான். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆசிரியராக வந்த புதிதில், "நீங்க அந்த சைக்கிள் நானாட மகனா சேர்? அவர்ட்ட வாங்கின சேலை இன்னும் இரிக்கு" என்று ஒரு அம்மா சொன்னார். அன்று வகுப்புக்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது எனக்கு.

நான் அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் வாப்பாவுக்கு நோய் என்று தெரிந்தது. அதற்கு ஒரு வருடத்துக்கு முதலே மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. உம்மா சாரனைத் துவைக்கும்போது கண்டு கேட்டதற்கு, "சைக்கிள் சீட்டில இருந்து இருந்து மூலம் வந்திட்டு" என்று முடித்துவிட்டார். எண்ணெய் பூசினார். உறைப்பைக் குறைத்தார். யாரோ சொன்ன கசாயத்தைக் குடித்தார். இரத்தம் நிற்கவில்லை, ஆள் மெலிந்துகொண்டே போனார். நோன்பில் மெலிந்தது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

கடைசியில் பார்த்தபோது பெருங்குடலில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. மஹரகமைக்கு எத்தனை இரவு பஸ் ஏறினோம் என்று கணக்கில்லை. எட்டு மாதத்தில் வாப்பா மௌத்தாகிவிட்டார். நோய் பிடிபட்டபோது அவருக்கு 48 வயது.

வாட்டில் இருந்த டொக்டர் ஒருவர் காக்காவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "தகப்பனுக்கு எந்த வயதில் வந்ததோ அதிலிருந்து பத்தைக் கழியுங்கள். அந்த வயதில் நீங்கள் கமராப் பரிசோதனை செய்ய வேண்டும். 40 வயது அதற்கு முதல் வந்தால் 40இல் செய்யுங்கள்."

நான் கணித ஆசிரியர். 48இலிருந்து 10ஐக் கழிக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் 38 வயது வந்தபோது முதலாம் தவணை முடியட்டும் என்றேன். பிறகு நோன்பு முடியட்டும் என்றேன். பிறகு சாதாரண தரப் பரீட்சை. உண்மையில் பரீட்சையும் இல்லை, நோன்பும் இல்லை. பயம். அதைவிடப் பெரிது வெட்கம்.

இந்த வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒன்று தொடர்ந்து பாடசாலைக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். தகப்பன் வயல் வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிறார், பிள்ளைதான் மாடு பார்க்கிறது. கதையோடு கதையாக, "ஒரு வருசமா இரத்தம் போகுது சேர், மூலம்தானே" என்றார். எனக்கு வாப்பா முன்னால் இருந்து கதைப்பது போல இருந்தது. உடனே கிளினிக் போங்கள், கமரா வைத்துப் பாருங்கள் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனிதர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"சேர் செஞ்சு பாத்தீங்களா?"

பதில் இல்லை எனக்கு. மண்முனைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த கிழமையே மட்டக்களப்பில் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போய், குடும்ப வரலாற்றைச் சொல்லித் திகதி எடுத்தேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான குழாய். இந்தப் புற்றுநோய் அநேகமாக அதன் உட்சுவரில் ஒரு சின்னத் தசை முளையாகத்தான் தொடங்கும். பொலிப் என்பார்கள். எல்லாப் பொலிப்பும் புற்றுநோயாக மாறாது. மாறுகிறவையும் பெரும்பாலும் பத்து வருடம் அளவில் எடுத்துத்தான் மாறும். அந்தப் பத்து வருடம்தான் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிற அவகாசம். அதற்குள் கமராவால் கண்டால், அந்தக் குழாய் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்கைப் போட்டு அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. மற்றப் பல பரிசோதனைகள் வந்த நோயைக் கண்டுபிடிக்கும். இது வர இருப்பதையே தடுக்கும்.

இப்படிக் குழாய் வழியாகப் பொலிப்பை அறுத்தெடுக்கும் முறையை 1969இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற ஜப்பானிய டொக்டர், வில்லியம் வூல்ஃப் என்பவரோடு சேர்ந்து தொடங்கினார். மண்முனைப் பாலமும் ஜப்பான் உதவியில் வந்ததுதான். அந்த நாட்டுக்கு நான் இரண்டு கடன் பட்டிருக்கிறேன்.

இது வெள்ளைக்காரனுக்கு வருகிற நோய் என்று நினைக்க வேண்டாம். 2020இல் மட்டும் உலகத்தில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வந்தது, 9 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் நாட்டிலும் ஆண், பெண் இரு பகுதியினரிலும் அதிகம் காணப்படுகிற புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. வெற்றிலை போட்டால் வாய்ப் புற்றுநோய் வரும் என்று நமக்குத் தெரியும். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம் பெடியன்கள் கொண்டாடுகிற பெலே 2022 டிசம்பரில் இறந்தது இந்த நோயால். 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் இறந்தபோது வயது 43. இளம் வயதிலும் கூடி வருவதால்தான் அமெரிக்காவில் 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். அது குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கான வயது. தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களுக்கு வந்திருந்தால் நீங்கள் முந்த வேண்டும்.

இனித் தயாரிப்பு. எல்லாரும் பயப்படுவது கமராவுக்கு. உண்மையான வேலை அதற்கு முதல் நாள்தான். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் டொக்டருக்கு ஒன்றும் தெரியாது, திருப்பியும் போக வேண்டி வரும்.

மூன்று நாளைக்கு முதலே சிவப்பரிசிச் சோறு, கீரை, மரக்கறி, பருப்பு, விதையுள்ள பழங்களை நிறுத்தினேன். வெள்ளைச் சோறு, பாண், முட்டை, மீன். "இத்தனை நாளும் கீரை தின்னச் சொல்லிச் சண்டை பிடிச்சன், இப்ப வேணாமாம்" என்று மனைவி சிரித்தார். முதல் நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம் மட்டும். பால் இல்லாத தேத்தண்ணி, இளநீர், வடித்த கோழி சூப், ஜீவனி. போர்டெல்லோ மாதிரி சிவப்பு, ஊதா நிறக் குடிபானங்கள் கூடாது. உள்ளே அது இரத்தம் போலத் தெரியும்.

பின்னேரம் ஆறு மணிக்கு வைத்தியசாலையில் தந்த தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தொடங்கினேன். மொத்தம் மூன்று லீட்டர். இரவு இரண்டு, விடியச் சாமம் ஒன்று. ருசி உப்புக் கரிக்கும். குளிர வைத்து, ஸ்ட்ரோவால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் இறங்கும். ஒரு மணித்தியாலத்தில் ஓட்டம் தொடங்கியது. எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். உம்மாவையும் பிள்ளைகளையும் அன்றிரவு ராத்தா வீட்டுக்கு அனுப்பியது நான் செய்த நல்ல காரியம். அடிக்கடி கழுவுவதால் எரியும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். உளூ எடுத்து எடுத்து முறிந்தது. இஷாவை ஒரு இடைவெளி பார்த்து அவசரமாகத் தொழுது முடித்தேன். கடைசியில் மஞ்சள் நிறத் தெளிந்த தண்ணீர் மட்டும் போனது. அதுதான் பாஸ் மார்க்.

முக்கியமான ஒன்று. சீனி வருத்தக் குளிசை, இன்சுலின், இரத்தத்தை இளக்கும் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை பாவிப்பவர்கள் திகதி எடுக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. நான் எழுதியிருப்பது எனக்குச் சொன்ன முறை. உங்களுக்குத் தருகிற கடதாசியில் இருப்பதைத்தான் நீங்கள் செய்ய வேண்டும்.

அன்று காலை காக்காட மகன் கூட வந்தான். மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஆள் வேண்டும், அன்று வாகனம் ஓடக் கூடாது. பின்பக்கம் திறந்த கவுணைப் போட்டபோது எனக்கு அழுகை வந்தது. கட்டிலில் இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள். திரையை இழுத்து, தேவையான இடம் தவிர மற்றதெல்லாம் துணியால் மூடிவிட்டார் அந்த மிஸ். "சேர், எங்களுக்கு இது ஒரு நாளைக்கு எத்தனையோ. வெட்கப்பட வேணாம்" என்றார். பெண்கள் தங்களோடு பெண் தாதி ஒருவர் நிற்க வேண்டும் என்று முதலே கேட்கலாம். கேட்பதில் பிழை இல்லை.

ஊசி போட்டதும் அரைத் தூக்கம். காற்று விடும்போது வயிறு ஊதுவது போல ஒரு இறுக்கம். அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

இரண்டு பொலிப் இருந்தது. இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

ஆய்வுக்கூட முடிவு வரும் வரைக்கும் இருந்த நாட்களைப் பற்றி எழுதத் தெரியவில்லை. பிள்ளைகள் நித்திரையான பிறகு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன கிழமை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் ஒரு காலத்தில் அப்படி மாறக்கூடிய வகைதான். ஐந்து வருடத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ். உம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கட வாப்பா எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்தப் பிள்ளையின் தகப்பனும் போனார். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்கு உண்மையாகவே மூலம்தான். மருந்து எடுக்கிறார், பிள்ளை பாடசாலைக்கு வருகிறது. ஆகவே இரத்தம் கண்டவுடன் புற்றுநோய் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் மூலமா இல்லையா என்பதை நாம் சொல்ல முடியாது, பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

மலத்தில் இரத்தம், கறுப்பாகப் போதல், வழமை மாறி மலச்சிக்கலோ வயிற்றோட்டமோ கிழமைக் கணக்கில் தொடர்தல், காரணமில்லாமல் மெலிதல், இரத்தச்சோகை. இதில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பிரித்தானியாவில் 50 தாண்டியவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கிற சின்னப் பெட்டியைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். நமக்கு அப்படி வராது, நாம்தான் போக வேண்டும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

காக்கா கட்டாரில் இருக்கிறார். வயது 41. இந்தப் பதிவை அவரும் வாசிப்பார். காக்கா, வாப்பா இருந்த அதே வாட்டில் அந்த டொக்டர் சொன்னதை நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீங்க. எனக்கு இருந்தது. ஒங்களுக்கும் இருக்கலாம். லீவுல வாறதுக்கு முதல் திகதி எடுத்து வைக்கிறன். கோவிக்க வேணாம்.

தயாரிப்புப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன். வாப்பாவுக்காக ஒரு துஆ.