முதல்ல கட்டு, அப்புறம்தான் மரம்

'கேட்டமரான்' என்ற இங்கிலீஷ் சொல் நம்ம 'கட்டுமரம்'ல இருந்து போனதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வாட்ஸ்அப் ஃபார்வர்டா வரும், கடைசியில மீசை முறுக்குற எமோஜியோட. தகவல் சரிதான். 1697-ல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூல்லயே இந்தச் சொல் இருக்கு. ஆனா அந்த ஃபார்வர்டு சொல்லாத ஒண்ணு இருக்கு. இன்னைக்கு உலகம் கேட்டமரான்னு கூப்பிடுற படகும் நம்ம கட்டுமரமும் ஒண்ணு கிடையாது. நம்மளோடது, செதுக்கின மரங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு கயித்தால கட்டினது. அவங்களோடது, ரெண்டு தனித்தனிப் படகை இடைவெளி விட்டு நிறுத்தி நடுவுல பாலம் போட்டு இணைச்சது. அந்த ரெட்டைப் படகு யோசனை பசிபிக் தீவுக்காரங்களோடது. பேர் மட்டும் நம்மளோடது.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. என் ஊர் முசரவாக்கம், காஞ்சிபுரம் பக்கம். வீட்ல தறி இருக்கு. கடல் பாக்கணும்னா மகாபலிபுரம் போகணும். ஆனா என் தாய்மாமா பிரிஸ்பேன்ல 14 வருஷமா இருக்காரு. போன வருஷம் குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாரு. வீட்டை வித்துட்டு செகண்ட் ஹேண்ட் கேட்டமரான் ஒண்ணு வாங்கப் போறாராம். அத்தை, 12 வயசுப் பையன், 8 வயசுப் பொண்ணு எல்லாரையும் கூட்டிக்கிட்டு நாலு வருஷம் பசிபிக்ல சுத்தப் போறாராம். ரெண்டு நாள் குரூப்ல யாரும் பதில் போடல. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. ஆயா மட்டும் என் போனை வாங்கி வாய்ஸ் மெசேஜ்ல கேட்டாங்க: "ஏன்டா, அந்தப் படகுல சோறு ஆக்க முடியுமாடா?"

மூணாவது நாள் மாமா எனக்குத் தனியா மூணு படகோட விவரம் அனுப்பினாரு. "நீ மெக்கானிக்கல் தானே, படிச்சுப் பாத்து சொல்லுடா". கேம்பஸ் இன்டர்வியூக்குத் தயாராக வேண்டிய செமஸ்டர்ல நான் படகு படிச்சேன். உங்கள்ல யாரும் கேட்டமரான் வாங்கப் போறதில்ல, தெரியும். இருந்தாலும் பழைய பைக், பழைய லேப்டாப் எது வாங்கினாலும் இதுல கொஞ்சம் உதவும். அதனால எழுதுறேன்.

முதல்ல, குடும்பத்தோட போறவங்க ஏன் கேட்டமரானைத் தேடுறாங்க? ஒத்தை உடல் பாய்மரப் படகுக்கு அடியில கனமான கீல் தொங்கும். காத்து தள்ளும்போது படகு நல்லாச் சாயும், கீலோட எடை திருப்பி இழுக்கும். வாரக்கணக்கா சாஞ்ச வீட்ல வாழணும். கேட்டமரானுக்கு அந்த எடை வேண்டாம், அகலமே அதைப் பிடிச்சு நிறுத்தும். சுமார் 38 அடி நீளப் படகு 21 அடி அகலம் இருக்கும். பெருசா சாயாது. மேசை மேல வெச்ச டம்ளர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிள்ளைங்களுக்கு ஒரு பக்கம், பெரியவங்களுக்கு இன்னொரு பக்கம், நடுவுல சமையலறை. ஆயா கேள்விக்குப் பதில்: தாராளமா ஆக்கலாம்.

ஆனா இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, கீல் இருக்கிற படகு கவிழ்ந்தாலும் பொதுவா தானா நிமிர்ந்துடும். பெரிய கேட்டமரான் தலைகீழா கவிழ்ந்தா கவிழ்ந்ததுதான். பெரும்பாலும் முழுகாம மிதக்கும், ஆனா திரும்பாது. ரெண்டு, சாயுற படகு 'போதும், பாயைக் குறை'ன்னு உடம்பால சொல்லும். சாயாத படகு அப்படிச் சொல்லாது. காத்து ஏற ஏற அந்த விசை எல்லாம் பாய்மரத்துக்கும் அதைப் பிடிச்சிருக்கிற கம்பிக்கும் போகும். அதனால காத்தோட வேகத்தை மீட்டர்ல பாத்து, இத்தனை நாட் வந்தா இவ்வளவு பாய்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கணும்.

சரி, பழைய படகுல எதைப் பாக்கணும்? மாமா அனுப்பினதுல பாதி சோஃபா போட்டோ, மீதி சூரிய அஸ்தமனம். நான் தேடினது வேற. செகண்ட் இயர்ல ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல டார்ஷன் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? அலை குறுக்கா வரும்போது இடது உடல் மேல ஏறும், வலது உடல் இறங்கும். அடுத்த அலைல அப்படியே மாறும். நடுவுல இருக்கிற பாலம் ஈரத்துணியைப் பிழியிற மாதிரி முறுக்கப்படும். ஒரு நாள்ல எத்தனை ஆயிரம் தடவைன்னு நீங்களே கணக்குப் போடுங்க. ஃபெட்டீக். ஆக கேட்டமரான்ல தலைவலி அந்த ரெண்டு உடல்ல மட்டும் இல்ல, ரெண்டும் சேர்ற இடத்துல இருக்கு.

இதை வீட்ல சொல்லிக்கிட்டிருந்தப்போ தறியில இருந்த அப்பா சிரிச்சாரு. "இது கோர்வைதானேடா" என்றாரு. தெரியாதவங்களுக்கு: காஞ்சிபுரம் பட்டுல உடல் ஒரு நிறம், பார்டர் வேற நிறம்னா ரெண்டையும் மூணு நாடா ஓட்டி, ஊடை நூலை ஒண்ணோட ஒண்ணு கோத்து நெய்வாங்க. அதுதான் கோர்வை. சேலை கிழிஞ்சாலும் பார்டர் தனியா வராதுன்னு எங்க பக்கம் சொல்வாங்க. ஒரு சேலை கைக்கு வந்தா அப்பா முந்தானையைப் பாக்க மாட்டாரு. திருப்பிப் போட்டு, பார்டர் சேர்ற கோட்டுல கட்டை விரலை வெச்சு ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் தடவிக்கிட்டே போவாரு. "மாமாவையும் திருப்பிப் போட்டுப் பாக்கச் சொல்லு" என்றாரு.

படகை எப்படித் திருப்பிப் போடுறது? முதல் வேலை, தண்ணியை விட்டு வெளிய தூக்கணும். அப்புறம் நாமளே சம்பளம் குடுக்கிற சர்வேயர் வேணும், விக்கிறவர் காட்டுற ஆள் வேண்டாம். அவர் கையில ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். ஃபைபர் உடல் முழுக்கத் தட்டிக்கிட்டே போவாரு. நல்ல இடத்துல 'டக்'குனு கேக்கும், உள்ளே பிரிஞ்ச இடத்துல 'தொப்'புனு கேக்கும். இந்தப் படகுகள்ல நிறைய, ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல பால்சா மரமோ ஃபோமோ வெச்ச சாண்ட்விச். ஒரு போல்ட் ஓட்டை வழியா தண்ணி உள்ளே போனா பால்சா மெதுவா அழுகும், மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும். அதுக்கு ஈரம் அளக்கிற மீட்டர் வேணும்.

நாம போனாலும் சிலதைப் பாக்கலாம். உடலுக்கும் பாலத்துக்கும் நடுவுல இருக்கிற குறுக்குச் சுவர் ஓரங்கள்ல விரிசல் இருக்கா? சன்னல் மூலையிலேர்ந்து கோடு ஓடுதா? அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல புதுசா இடைவெளி விழுந்திருக்கா? பாய்மரம் நிக்கிற இடம் அமுங்கியிருக்கா? ஓட்டிப் பாக்கும்போது ரூம் கதவைத் திறந்து மூடிப் பாருங்க. அலைல கதவு இறுகிச்சுன்னா சட்டம் வளையுதுன்னு சந்தேகப்படணும். ஒரே ஒரு லாக்கருக்குள்ள மட்டும் புதுப் பெயின்ட் இருந்தா, ஏன்னு கேளுங்க.

அடுத்தது சரித்திரம். விடுமுறைக்கு வாடகைக்கு ஓடின படகுகள் அஞ்சாறு வருஷத்துல கூட்டமா விற்பனைக்கு வரும். விலை குறைவு, இன்ஜின் ஓடின மணி நேரம் அதிகம். பாய்மரத்தைப் பிடிக்கிற கம்பிகளுக்குப் பத்து வருஷம் ஒரு பொதுக் கணக்கு. அதைத் தாண்டினா பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மாத்தச் சொல்லும். இன்ஜின் ரெண்டு, அதனால சர்வீஸும் ரெண்டு. அகலத்துக்காகப் பல துறைகள்ல நிறுத்தக் கட்டணமும் கூடுதல். கடைசியா எடை. இடம் இருக்கேன்னு சைக்கிள், வாஷிங் மெஷின், புத்தகம்னு ஏத்தினா படகு அமுங்கும். பாலத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி குறையும். அப்புறம் ஒவ்வொரு அலையும் அடியில சுத்தியல் மாதிரி மோதும். மறுபடியும் அடி வாங்குறது அந்த இணைப்புதான்.

இதையெல்லாம் படிச்சப்புறம்தான் நம்ம கட்டுமரம் எனக்குப் புரிஞ்சது. கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்து, மரங்களைப் பிரிச்சு மணல்ல காயப் போடுவாங்க. மரம் தண்ணி குடிச்சு கனத்துடக் கூடாதுன்னு. நான் அதை இன்னொரு கண்ணாலயும் பாக்குறேன்: தினமும் படகைப் பிரிச்சு, தினமும் இணைப்பைப் பாத்து, தினமும் புதுசா கட்டுறாங்க. மாமாவோட கேட்டமரான்ல சுத்தியலும் மீட்டரும் வெச்சு யூகிக்க வேண்டியதை இவங்க கண்ணால பாத்தாங்க. துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி சென்னைல கப்பலுக்கும் கரைக்கும் ஆள் ஏத்தின மசூலா படகும் இதே புத்திதான். பலகைகளை ஆணி அடிக்காம கயித்தால தைச்சிருப்பாங்க. கரை அலை அடிச்சா அது கொஞ்சம் நெளிஞ்சு குடுக்கும், உடையாது.

பெயர் போன இடத்துலயும் இந்தப் புத்தி வேலை செஞ்சிருக்கு. 1876-ல் நத்தானியேல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற ரெட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்துல ஓட்டி ஜெயிச்சாரு. மத்தவங்க எதிர்ப்பு சொல்லி அதைத் தகுதி நீக்கம் பண்ண வெச்சாங்க. 1950-களின் நடுவுல ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் தானே கட்டின இருபத்தி மூணரை அடி 'டாங்கரோவா'ல ரெண்டு ஜெர்மன் பெண்களோட அட்லான்டிக் தாண்டி ட்ரினிடாட் போனாரு. 1959-ல் அடுத்த படகான 'ரோங்கோ'ல நியூயார்க்ல இருந்து அயர்லாந்துக்கு. அப்புறம் சொந்தமா கட்டிக்கிறவங்களுக்கு நிறைய வரைபடம் போட்டுக் குடுத்தாரு. அதுல பலதுல ரெண்டு உடலையும் குறுக்கு உத்திரத்தோட இணைக்கிறது போல்ட் இல்ல, கயிறு. பசிபிக் தீவுக்காரங்ககிட்ட கத்துக்கிட்டது. கயிறு நெளியும், தேஞ்சா வெளிய தெரியும், மாத்திக்கலாம்.

மாமாவோட மூணு படகுக்கு வர்றேன். முதல் படகுதான் போட்டோல அழகு, பிள்ளைங்க அதுக்குப் பேரே வெச்சாச்சு. சர்வேயர் தட்டிப் பாத்தாரு, பாய்மரம் நிக்கிற இடத்தைச் சுத்தி ஈரம். மாமா விலகிட்டாரு. சர்வேக்குக் குடுத்த காசு போச்சு, பையன் ரெண்டு நாள் பேசல. ரெண்டாவது பட்ஜெட்டைத் தாண்டினது. மூணாவது ரொம்பப் பழசு. மெத்தை கிழிஞ்சது, கம்பி எல்லாம் மாத்தணும், ஆனா உடல் காஞ்சு, இணைப்பு எல்லாம் சுத்தம். கம்பி மாத்துற செலவை விலையில கழிக்கச் சொல்லிப் பேசிக்கிட்டிருக்காரு.

இதுல நான் கணக்கே போடாத ஒரு இணைப்பை அத்தை போட்டாங்க. "நாலு பேரும் பத்து நாள் வாடகைப் படகுல இருந்து பாப்போம். அதுக்கப்புறம்தான் வீட்டை விக்கிற பேப்பர்ல நான் கையெழுத்துப் போடுவேன்" என்றாங்க. சர்வேயருக்கு ஒரு நியாயம்னா இதுக்கும் அதே நியாயம்தானே. போனாங்க. முதல் மூணு நாள் அத்தைக்கு வாந்தி. அஞ்சாவது நாள் பொண்ணு ஸ்கூல் ஃப்ரெண்டை நெனச்சு அழுதுச்சு. ஏழாவது நாள் பையன் தானாவே பாத்திரம் கழுவினானாம். அம்மா இதை இன்னும் நம்பல. திரும்பி வந்து அத்தை போட்ட திருத்தம்: நாலு வருஷம் இல்ல, முதல்ல ஒரு வருஷம். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தென் பசிபிக்ல புயல் காலம். அதுக்குள்ள பாதுகாப்பான கரைக்கு வந்துடணும். வந்ததும் நாலு பேரும் உக்காந்து மறுபடி பேசணும். யாராவது ஒருத்தர் வேண்டாம்னா படகு விற்பனைக்கு.

எனக்கு இது மரத்தை அவிழ்த்துக் காயப் போடுற மாதிரி இருந்துச்சு. மாமாகிட்ட சொன்னேன். "போய் பிளேஸ்மென்ட்டுக்குப் படிடா" என்றாரு.

படிக்கிறேன். நீங்க அடுத்த தடவை மகாபலிபுரமோ கோவளமோ போனா, காலைல சீக்கிரம் போய் கரைல நில்லுங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் பெரும்பாலும் ஃபைபர் படகுதான் கண்ணுல படும். எங்கேயாவது ஒரு கட்டுமரம் இருந்தா செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு கயித்து முடிச்சைப் பாருங்க. பக்கத்துல இருக்கிற அண்ணன்கிட்ட அதை எப்படிக் கட்டினாருன்னு கேளுங்க.