தீவைச் சுற்றும் சாலை



பினாங்கு என்றதும் நம்மில் பலருக்குத் தண்ணீர்மலைக் கோயிலும், தைப்பூசமும், கொடிமலை இரயிலுந்தான் நினைவுக்கு வரும். தோட்டத்திலிருந்து பஸ் பேசிக்கொண்டு போவோம், சாமி கும்பிடுவோம், கடற்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அந்தத் தீவுக்கு மலையும் கடலும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பின்புறம் உண்டு. அதை நான் முழுதாகப் பார்த்தது என் நாற்பத்து நான்காம் வயதில், சைக்கிளில்.

“புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற டீச்சருக்கு இது எதுக்கும்மா?” என்று என் மாமி கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். பதிலைச் சொல்லிவிட்டுப் பிறகு சாலைக்கு வருகிறேன்.

என் தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஐம்பத்தெட்டாம் வயதில் காலில் ஒரு சிறு புண் வந்தது. இனிப்புநீர் இருந்ததால் அது ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் லயத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பிறகு போய்விட்டார். எனக்கும் நாற்பத்திரண்டாம் வயதில் அந்த நோய் வந்தது. இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடந்தான் அது மிக அதிகம்.

“மாத்திரை பாதி வேலைதான் செய்யும், டீச்சர். மீதியை உங்கள் கால்தான் செய்ய வேண்டும்” என்றார் டாக்டர். முதலில் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் மூன்று கிலோமீட்டர் மிதித்தேன். பிறகு பத்து, பிறகு முப்பது. சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், பதினாறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, பினாங்குத் தீவைச் சுற்றிவரப் புறப்பட்டேன். சுற்றளவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் சைக்கிளோடு கடலைக் கடக்கலாம். 2023-இல் வந்த புதிய ஃபெரிகளிலும் சைக்கிளுக்கு இடமுண்டு. ஜோர்ஜ்டவுனில் இறங்கி வடக்கே தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா வரை வீடுகளும் மாடிக் கட்டடங்களும் கூடவே வரும். அதற்கப்பால்தான் சாலையின் குணம் மாறுகிறது. கருங்கல் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மலையின் இடுப்பைக் கீறி எடுத்த மாதிரி சாலை ஏறுகிறது, இறங்குகிறது, வளைகிறது. வலப்பக்கம் கீழே யானை படுத்திருப்பதுபோல் உருண்டைப் பாறைகள். அலை அவற்றின்மேல் மோதி வெள்ளையாக உடைகிறது. இந்தத் திசையில் போனால், நம் நாட்டு வழக்கப்படி இடப்பக்கம் ஓட்டும்போது மலையோரம் நமக்குக் கிடைக்கும். பள்ளத்தின் ஓரமாக ஓட்ட வேண்டியதில்லை.

இங்கே இருப்பதுதான் பத்து ஃபெரிங்கி. ‘பத்து’ என்றால் பாறை. ‘ஃபெரிங்கி’ வேறொன்றுமில்லை, நம் ‘பறங்கி’தான். பறங்கிப் பாறை என்று மகளுக்குச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த ஏற்றம் தெரியாமலே போயிற்று.

துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் தெலுக் பாஹாங். மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. நம் நாட்டில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தவர்கள். இன்று அலை பூனைக்குட்டிபோல் வந்து மணலை நக்குகிறது. இதற்கு மேற்கே தீவின் மூலையைச் சுற்றிப் போகச் சாலையில்லை. அங்கே காடு; 2003 முதல் அது தேசியப் பூங்கா. 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று அந்த முனையில் நிற்கிறது. ஆகவே சாலை கடலை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பி மலைக்குள் நுழைகிறது.

வாசகர்களே, சோதனை இங்கேதான். 1999-இல் கட்டி முடித்த அணைக்கட்டைத் தாண்டியதும் ஏற்றம், ஏற்றத்தின் மேல் ஏற்றம். நிழல் உண்டு, காற்று இல்லை. கியரைக் குறைத்து, மூச்சை எண்ணி, முன்னால் தெரியும் வளைவை மட்டும் பார்த்து மிதிக்க வேண்டும். முடியாதபோது இறங்கித் தள்ளினேன். தள்ளுவதில் வெட்கமில்லை. என் தாயார் காண்டாக் கம்பில் இருபக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடேறியபோது யாரைப் பார்த்து வெட்கப்பட்டார்? அந்த இரண்டு கால்களும் என் கண்முன் வந்தன. தீத்தி கெராவாங் பழக்கடைகளை எட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

இனி இறக்கம். ஏற்றத்தில் களைப்புத்தான் வரும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்தக் கூடாது; முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ஈரச் சருகும் கால்வாய் இரும்பு மூடியும் சறுக்கிவிடும். அவற்றின்மேல் சக்கரம் நேராகப் போகட்டும். பிரேக் இல்லாத சைக்கிளில் சாகசம் காட்டும் நம் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் ஒரே இரவில் எட்டு இளம் உயிர்கள் போனதை நாம் மறக்கலாமா?

கீழே பாலேக் பூலாவ். தீவின் பின்புறம் என்றே அதற்குப் பொருள். சாதிக்காயும் டுரியானும் விளையும் மண். ஒட்டுக்கடையில் ‘தே-ஓ கோசோங்’ கேட்டேன். “சீனியே வேண்டாமா?” என்று கடைக்கார மலாய் அம்மா மறுபடி கேட்டார். “என் காலுக்காக” என்றேன். அவர் தம் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இந்த நோய்க்கு இனமேது, மொழியேது? அங்கிருந்து இன்னொரு மலையைத் தாண்டித் தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகப் பட்டணம் வந்து சேர மாலையாகிவிட்டது.

இந்தத் தீவை 1786-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பிறகு, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டு இங்கே சாலை போட்டார்கள். பின்னாளில் பொதுப்பணித் துறையில் மண்வெட்டி பிடித்தவர்களிலும் நம்மவர் ஏராளம். பிறர் போவதற்குச் சாலை போட்ட கைகளின் பேரப்பிள்ளைகள் நாம். அதில் நம் உடம்புக்காகவும் கொஞ்சம் போகலாமே.

புறப்படுவோர்க்குச் சில வார்த்தைகள். டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மாத்திரை சாப்பிடுவோர் சட்டைப் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் அது உயிர் காக்கும். சிலிப்பர் வேண்டாம், காலை மூடிய சப்பாத்து வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. தலைக்கவசம் கட்டாயம். செப்டம்பர், அக்டோபர் மழையில் போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

என் நோய் தீர்ந்துவிட்டதா? இல்லை, மாத்திரை தொடர்கிறது. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது சனிக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் நால்வர் என்னோடு செம்மண் சாலைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் முப்பது ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடாதவர். சென்ற வாரம் அவர் வந்து, “டீச்சர், அந்தப் பறங்கிப் பாறைக்கு எப்போ போகலாம்?” என்று கேட்டார்.

உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கும். டயருக்குக் காற்றடித்துப் பாருங்கள்.