வருமுன் காக்கும் உணவு

ஒருபுறம் குன்று, மறுபுறம் பாலாறு. இடையே அமைந்தது எம் சத்துவாச்சாரி. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றைக் கண்டு வளர்ந்த நமக்கு, வெள்ளம் என்பது முன்னோர் சொன்ன கதையாகவே இருந்தது. ஆனால், 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய அதே பாலாறு, 2021 நவம்பரில் மீண்டும் கரைகளைத் தொட்டுப் பெருகியது. அவ்வாரம் எம் இல்லத்து மூதாட்டியார் ஒரு வினா எழுப்பினார்: “கரண்டும் இல்லை, கேஸும் தீர்ந்துவிட்டது என்றால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பீர்கள்?” எம்மைச் சிந்திக்க வைத்த வினா அது.

அரிசியும் பருப்பும் மூட்டையாய் இருப்பினும், அவற்றைச் சமைக்க நெருப்பும் நன்னீரும் வேண்டும். இவ்விரண்டும் அற்ற பொழுதில் கைகொடுப்பவை பொரி, பொட்டுக்கடலை, பேரீச்சை முதலியன. அவற்றோடு, வேகவைத்துத் தகர டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை, மீன், பழம் ஆகியன.

உணவைப் புட்டியில் இறுக மூடிக் கொதிநீரில் இட்டுக் காக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் தகர டப்பாவிற்குக் காப்புரிமை பெற்றார். வெப்பம் உள்ளிருக்கும் கிருமியைக் கொல்லும். மூடி புதிய கிருமியைத் தடுக்கும். மூடி பழுதுற்றால் காப்பும் போயிற்று. பாதுகாப்பு விதிகள் யாவும் இதிலிருந்தே பிறப்பன.

நம் வீடுகளில் எடுத்து வைக்கும் பொருளெல்லாம் பரணுக்குச் செல்வது வழக்கம். வேலூர்க் கோடையோ 40 டிகிரியைக் கடப்பது. வெயில் காயும் கூரையின் கீழுள்ள பரணும், அடுப்புக்கு மேலுள்ள தட்டும் டப்பாக்களுக்கு ஆகா. தரையில் வைத்தால் வெள்ளம் தொடும். உள்ளறையில், இடுப்புக்கு மேலான உயரத்தில், ஈரம் படாத அலமாரியே தக்க இடம். பழையதை முன்னும் புதியதைப் பின்னும் அடுக்குதல் வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நாம் அனைத்தையும் இறக்கிப் பார்க்கிறோம். காலாவதி நெருங்கியவற்றை உண்டு தீர்த்துப் புதியன வாங்கி வைக்கிறோம்.

உப்பிய டப்பா, கசியும் டப்பா, ஆழத் துருவேறிய டப்பா, விளிம்பு மடிப்பில் நசுங்கிய டப்பா, திறக்கையில் பீறிடும் டப்பா ஆகியவற்றைத் தயங்காது எறிந்துவிடுக. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று சுவைத்துப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. பாட்டுலினம் என்னும் நஞ்சு மணத்தாலும் சுவையாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தவல்லது.

வெள்ளநீர் பட்ட டப்பா பழுதின்றி இருப்பின், மேலுள்ள காகிதத்தை நீக்கிச் சோப்பு நீரில் நன்கு கழுவி, தூய நீரில் மூழ்கவைத்து, கொதி வந்தபின் 2 நிமிடம் கொதிக்கவிட்டுப் பயன்படுத்தலாம். பெயரையும் காலாவதி நாளையும் மறவாது அதன்மேல் எழுதிவைக்க வேண்டும். வெள்ளம் தொட்ட திருகுமூடிப் புட்டிகளை எறிவதே முறை. குளிர்பெட்டி இயங்காத நாளில், திறந்த டப்பாவை அவ்வேளையே தீர்த்துவிடுக. டின் கட்டரையும் அதே அலமாரியில் வைத்திடுக. அஃதின்றேல் எல்லாம் இருந்தும் பசிதான்!

இச்சேமிப்பு பதுக்கல் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் ரயில் நின்றபோது, அருகிலிருந்த புதுக்குடி மக்கள் பயணிகளுக்குச் சமைத்து அளித்தனர். இருப்பு இருந்தமையாலன்றோ ஈய முடிந்தது? கடைகளை வெறுமையாக்கும் கடைசி நேர ஓட்டமே பிறரை வருத்தும். அமைதிக் காலத்தில் மாதம் ஒன்றிரண்டாய்ச் சேர்ப்பது எவரையும் வருத்தாது.

மாணவச் செல்வங்களே! இன்றே உங்கள் இல்லத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். மூன்று நாள் இருப்பு உண்டா, அதில் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டா என எண்ணிப் பாருங்கள்.