கம்பியில் குத்திய காகிதங்கள்

பழைய பேப்பர் கடையில் முதலில் உருவப்படுவது கம்பிதான். பில்லைக் குத்தி மாட்டி வைப்போமே, அந்தக் கொக்கிக் கம்பிக்கு இரும்பு விலை, தாளுக்குத் தாள் விலை. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களைத் தாண்டி நான் போன கடையில், சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த அக்கா ஒரு கம்பியை ஒரே இழுப்பில் உருவினார். ஒரு குடும்பத்தின் பல வருஷக் கணக்கு தரையில் சிதறியது. அவர் கை நிற்கவில்லை. வெள்ளை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், அட்டை தனி. தாளைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் பட்டதுமே ரகம் தெரிந்துவிடுகிறது.

பழைய லெட்டர்பேடு, பில், ரசீது சேர்ப்பவன் நான். அந்தக் குவியலில் ஒரு வெல்ல மண்டி பில்லை எடுத்தேன். உச்சியில் ‘உ’, கீழே குத்துவிளக்குப் படம், சிவப்பில் வரிசை எண், முகவரியில் தென்னாற்காடு ஜில்லா. டிரெடில் மெஷினில் ஈய எழுத்து கோத்து அடித்தது. பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது.

இந்த வட்டாரத்துத் தாளுக்கு முகவரியே வயது சொல்லும். தென்னாற்காடு 1993இல் பிரிந்து இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அச்சானது. இல்லையென்றால் அதற்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. அச்சடித்த பில் புக்கை எந்தக் கடைக்காரரும் வீணாக்க மாட்டார். பழைய ஜில்லா பெயரை அடித்துவிட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியே தீர்த்துவிடுவார்.

படம் அழகாக இருக்கிறதென்று தலைப்பை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுபவர்கள் உண்டு. எனக்கு மனம் பதறும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சிதறாமல் சென்னைக்கு வந்ததால்தான் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தனித் தாளைவிடக் கட்டுக்கு மதிப்பு அதிகம்.

கம்பிக்கும் அதே நியாயம்தான். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. உருவினால் அந்த வரிசை போய்விடும்.

“அக்கா, அடுத்த கம்பியை அப்படியே கொடுத்துடுங்களேன்.”

“கம்பியை முதலாளி தரமாட்டாரு சார். வரிசை மாறாம இருந்தா போதுமா?”

கொக்கி முனையில் சணலை முடிந்தார். மொத்தக் கட்டையும் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலே தள்ள, ஒரு தாள்கூடக் கிழியாமல் கம்பியிலிருந்து சணலுக்கு மாறியது. இத்தனை நாளாக எனக்குத் தோன்றாத வழி.

யாரோ ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கம்பி அது. உரக்கடை பில், ஆலை எடைச் சீட்டு, வண்டி வாடகைத் துண்டு. நடுவே ஒரு ஜவுளிக்கடை பில்லில் தேதி இல்லை. அதற்குக் கீழே இருந்த சீட்டு ஜனவரி 9, மேலே இருந்தது 17. பொங்கல் துணி எடுத்திருக்கிறார்கள்: பாவாடைத் துணி இரண்டு, வேட்டி ஒன்று.

இனி வரும் கம்பிகளையும் சணலுக்கு மாற்றி வைப்பதாக அக்கா சொன்னார். வெள்ளைத் தாள் விலைக்கு மேல் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதென்று முதலாளியிடம் பேசி முடித்தோம். அந்தக் கூடுதல் காசு அக்கா கைக்கே போக வேண்டும் என்று கேட்டேன், முதலாளியும் சம்மதித்தார்.