தடை தெரிந்தவர்கள்

மம்மூட்டி நடித்த ‘காதல்’ படத்தை நான் பார்த்தது ஜோதிகாவுக்காக. எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இப்படி எழுதுவது அழகில்லைத்தான். ஆனால் இதைவிட அழகில்லாத சங்கதிகள் பின்னால் வர இருக்கின்றன. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

படம் 2023 நவம்பரில் வந்தது. ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’ எடுத்த ஜியோ பேபியின் படம். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோய் என்ற ஊர். கோயிலும் குடும்பமும் கட்சியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும் சிரியன் கத்தோலிக்கச் சமூகம். மத்தேயு தேவசி என்ற மரியாதையான மனிதர் அங்கே இடைத்தேர்தலில் நிற்கிறார். நின்ற கையோடு ஊரில் ஒரு செய்தி பரவுகிறது: மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். கணவருக்கு நாட்டம் ஆண்கள்மேல், கார் ஓட்டப் பழக்கும் தங்கன் என்பவரோடு நெடுங்கால உறவு என்பது அவள் சொல்லும் காரணம். இதை வைத்து ஒரு சண்டைக் காட்சிகூட இல்லை. எல்லாரும் மெதுவாகக் கதைக்கிறார்கள். சில இடங்களில் அதுகூட இல்லை.

யாழ்ப்பாணத்து இளவாலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பிறத்தியார் வீட்டுப் புதினம் கதைக்கிற சனம், சுவாமியைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிற பெரியவர்கள், எல்லாம் எங்கட ஆட்கள்தான். அரைவாசிப் படம்வரை மத்தேயுவுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு, ‘நான் பரந்த மனசுக்காரன்தான்’ என்ற நினைப்பில் சுகமாகச் சாய்ந்திருந்தேன்.

கனடாவில் இருக்கும் மகள்தான் இதைப் பார்க்கச் சொன்னவள். கூடவே இன்னொரு படத்தின் பெயரும் அனுப்பியிருந்தாள். ‘லாட்டர் டேய்ஸ்’, 2003இல் வந்த அமெரிக்கப் படம். மோர்மன் சபையைச் சேர்ந்த பெடியன் ஒருவன், வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி, லொஸ் ஏஞ்சலிசில் வேதம் பரப்ப வருகிறான். பக்கத்து வீட்டு இளைஞன்மேல் அவனுக்கு மனம் போகிறது. கண்டுபிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். தகப்பன் உட்படச் சபைப் பெரியவர்கள் கூடி அவனை விலக்கிவைக்கிறார்கள், பிறகு ‘திருத்துகிற’ இடமொன்றுக்கு அனுப்புகிறார்கள். படத்தை எடுத்த சி. ஜே கொக்ஸ் தானும் ஒரு காலத்தில் அந்தச் சபையின் ஊழியராக ஊர் ஊராகப் போனவர்.  

அந்தப் படத்தைவிட, அதைப் பற்றித் தேடும்போது அகப்பட்ட ஒரு செய்திதான் என்னைக் குத்தியது. மோர்மன் சபைத் தலைமையில் இருந்த கோர்டன் ஹிங்க்லி 1987இலேயே தன் சபையாருக்குச் சொல்லியிருக்கிறார்: தன்பால் நாட்டத்துக்குக் கலியாணத்தை ஒரு சிகிச்சையாக நினைக்க வேண்டாம் என்று. ஓரினக் காதலைப் பாவமென்று அடித்துச் சொல்லும் சபை அது. அவர்களுக்கே அது விளங்கியிருந்தது. ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாருக்கு விளங்கவில்லை.

அந்த வாத்தியார் நான்தான். விஷயம் என் தங்கச்சியின் மகனுடையது. எனக்கு மருமகன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தபடியால் எதற்கும் என்னிடம்தான் வருவான். கலியாணப் பேச்சுத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் பின்னேரம், மோட்டச்சைக்கிளில் மாதகல் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வலை காயப் போட்டிருந்த இடம் தாண்டி ஆளில்லாத பக்கமாகப் போய் நிறுத்தினான். இறங்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடி, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

“எனக்குப் பொம்பிளைப் பிள்ளையளிலை விருப்பம் வராது மாமா. கனகாலமா முயற்சி செய்து பாத்திட்டன். அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்.”

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “உதெல்லாம் கட்டினாப் பிறகு சரியாப் போகும். ஒரு பிள்ளை பிறந்தா உனக்கே சிரிப்பு வரும்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். ஒரு பெடியன் தன் வாழ்நாளில் சேர்த்த தைரியம் முழுவதையும் கொண்டுவந்து கொடுக்க, நான் அதை மாணவனின் சாட்டுக் கடிதம்போல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்கு இது பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவல் 1994இல் வந்தபோதே கேள்விப்பட்டவன். அது கொழும்புத் தமிழரின் கதை, எங்கட பக்கத்தில் உது இல்லை என்று ஒதுக்கிவிட்டேன். எங்கட பக்கத்தில் உது இருந்தது, என் சொந்தத் தங்கச்சி வீட்டில்.

நான் அவசரப்பட்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கலியாணக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். பொம்பிளை பகுதி வீடு, காணி, நகை என்று சீதனம் கொடுக்கும். அது தேசவழமைச் சட்டப்படி பொம்பிளையின் பெயரிலேயே இருக்கும். அதற்கு மேலே மாப்பிள்ளை பகுதிக்குக் காசாகக் கொடுப்பது டொனேஷன். அந்தக் காசு பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாகக் கைமாறும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவன் கட்டினால்தான் அவனுக்கு இளையவள் கரைசேர்வாள். அவளுக்குப் பார்த்த இடம் காத்திருக்கத் தயாரில்லை. அவன் மாட்டேன் என்றால் இரண்டு கலியாணமும் நிற்கும். நான் தங்கச்சியின் முகத்தை நினைத்தேன், மருமகளின் வயதை நினைத்தேன், டொனேஷன் பதினைந்து இலட்சத்தை நினைத்தேன். அவனைக் கட்டப்போகிற பொம்பிளையை நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவ எனக்கு ஒரு குறிப்பும் ஒரு படமும் மட்டும்தான்.

பொம்பிளையின் தகப்பன் நேரே என்னிடம் வந்தார். அவருடைய மூத்த பிள்ளைகளுக்கு நான் படிப்பித்தவன். விறாந்தையில் கதிரை நுனியில் இருந்தபடி, “மாஸ்டர், நீங்கள் சொன்னாச் சரி. பெடியன் எப்பிடி?” என்று கேட்டார்.

“தங்கமான பெடியன்” என்றேன். அது பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள கெட்டித்தனம்.

கலியாணம் நடந்தது, தங்கச்சியின் மகளும் கரைசேர்ந்தாள். இரண்டு வருடம் போவதற்குள் அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். “போய்க் கூப்பிடுவன்” என்று சொல்லிப் போனவன் கூப்பிடவில்லை. ஊர் வழக்கம்போல் பொம்பிளையைத்தான் விசாரித்தது. பிள்ளை இல்லாததற்கு அவவிடம் காரணம் தேடினார்கள். உடம்பு மெலிந்ததற்கும், அவன் தொலைபேசி எடுக்காததற்கும் அவவிடமே. என் தங்கச்சியும் தேடினாள். தகப்பன் மறுபடி என் விறாந்தைக்கு வந்தார். இந்த முறை நன்றாகச் சாய்ந்துதான் இருந்தார், களைத்த மனிதர்.

“மாஸ்டர், உங்களுக்கு முந்தியே ஏதும் தெரியுமோ?”

“எனக்கென்னெண்டு தெரியும்?” என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் காலமானார். செத்த வீட்டில் நான் பிரேதப் பெட்டி தூக்க முன்னுக்கு நின்றேன்.

‘காதல்’ படத்தில், மத்தேயுவின் தகப்பன் தேவசி என்று ஒரு முதியவர் வருகிறார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். நான் அவரை அதுவரை கவனிக்கவே இல்லை. வழக்கு விசாரணையில் அவர் நின்று, மருமகள் சொல்வது உண்மைதான் என்கிறார். மகனைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று கட்டிவைத்தவர் அவர்தான்.

கைத்தொலைபேசியில் ஓடிய படத்தை நிறுத்தினேன். பின்வளவில் பக்கத்து வீட்டார் ஓலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தேன், நான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று. இல்லை. அந்தக் கிழவர் அதைத்தான் சொன்னார்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது மாதகல் கடற்கரை இல்லை, கோயில். எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கவும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தடை தெரிந்தவர் எவரும் அதைக் கலியாணத்துக்கு முன் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்று 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1069ஆம் பிரிவில் சொல்கிறது. மறைக்கல்விகூடப் படிப்பித்த எனக்கு அது தெரியும். மூன்று ஞாயிறும் நான் இரண்டாம் வாங்கில் இருந்தேன். ஆண்கள் பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே. சுவாமி என் மருமகனின் பெயரை வாசித்தார். அடுத்து அந்தப் பிள்ளையின் பெயரை வாசித்தார். ‘அறிந்தவர்கள்’ என்றார். அந்தக் கோயிலில் அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனை வாயடைக்கப் பண்ணியவன் மற்றவன். அந்த மற்றவன் குருசு வரைந்துகொண்டு, எழுந்து நின்று, விசுவாசப் பிரமாணம் சொன்னான். பிழையில்லாமல் சொன்னான்.

மிச்சப் படத்தை அன்று பார்க்கவில்லை.

அவன் விட்டுப்போன அந்தப் பிள்ளைக்கு எங்கள் நாட்டுச் சட்டமும் கைகொடுக்கவில்லை. பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றுதான்: விபசாரம், தீயநோக்கோடு கைவிட்டுப் போதல், கட்டும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. அவ கைவிட்டுப் போனதாகத்தான் வழக்குப் போட்டா. உண்மையைச் சொல்லவும் வழியில்லை. 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளின்படி ஆணும் ஆணும் உறவுகொள்வது இன்றும் குற்றம். 1995இல் திருத்தினார்கள், பெண்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்! 2023 மே மாதம், அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லியும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. இந்தியாவில் இதே மாதிரியான 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் தளர்த்திவிட்டது. படத்தில் ஓமனா கோர்ட்டில் பெயர் சொல்லிப் பேசுகிறாள்.

கோர்ட்டு விவாகரத்துக் கோயிலுக்குச் செல்லாது. கோயிலில் மறுமணம் செய்ய, முதல் கலியாணம் செல்லுபடியற்றது என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் சொல்லவேண்டும். அவவை விரும்பிக் கேட்ட ஒரு நல்ல இடம், கோயில் கலியாணம் இல்லாமல் முடியாது என்று நின்றது. அவ விண்ணப்பித்தா. கலியாணத்துக்கு முன்பே விஷயம் தெரிந்த சாட்சி வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை பகுதியில் ஒருவரும் வரவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இரண்டு தெரு தள்ளி நடந்திருக்கிறது.

தெரியவந்த பிறகு நான் அவவின் வீட்டுக்குப் போனேன். மாதகலில் நடந்ததைச் சொன்னேன், தகப்பனிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அவ அழவில்லை, ஏசவுமில்லை. “அப்பா சாகேக்கையும் ‘மாஸ்டர் பொய் சொல்லமாட்டார்’ எண்டுதான் சொன்னவர்” என்றா. கொஞ்சம் பொறுத்து, “எழுதித் தருவியளோ மாமா?” என்று கேட்டா.

எழுதலாம். ஆனால் அது அவனுடைய இரகசியமும்தானே. ஒருமுறை அவன் சொன்னதைக் கேளாமல் விட்டவன், இந்த முறை அவனைக் கேளாமல் செய்யக்கூடாது. நெடுநாளைக்குப் பிறகு பிரான்சுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: “சொல்லுங்கோ மாமா. அவவுக்கு என்னாலை செய்யக்கூடியது உது ஒண்டுதான். என்னைத் தேடி ஆரும் கோல் எடுக்கவேண்டாம்.”

மூடிய அறைக்குள், கேள்வி கேட்கும் குருவானவருக்கு முன்னால் சத்தியம் செய்து சாட்சி சொன்னேன். “உங்களுக்கு எப்போது தெரியும்?” என்று கேட்டார். கலியாணத்துக்கு முன்னம் என்றேன். “பங்கில் அறிவித்தல் வாசித்தபோது நீங்கள் இருந்தீர்களா?” ஓம் என்றேன். தங்கச்சி அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. அவன் அதற்குப் பிறகு பதில் போடவில்லை.

முன்பெல்லாம் இப்படியான வழக்குக்கு இரண்டு தீர்ப்பு வேண்டும். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒன்று போதுமென்று மாற்றினார். அந்த ஒன்று இன்னும் வரவில்லை. கேட்டு வந்த இடத்தார் போன மாதம் வேறு இடத்தில் முற்றாக்கிவிட்டார்கள். அவவுக்கு வருகிற ஆவணியில் முப்பத்தெட்டு வயது.